பரணில் வௌவால் தங்குகிறதா? தடயம் பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கூரைக்கடியில் வௌவால் இருக்குமோ என்ற சந்தேகம் வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, மோட்டுவளையை அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே எதுவும் தொங்கவில்லை என்றால் "ஒன்றும் இல்லை" என்று சொல்லி இறங்கிவிடுவார்கள். வௌவால் இருந்தாலும் இப்படிப் பார்த்தால் கண்ணில் படாது. கட்டடங்களில் ஒண்டும் பூச்சியுண்ணி வௌவால்களில் பல, இறக்கையை மடித்துக்கொண்டால் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஐரோப்பிய வீடுகளில் பரவலாகக் காணப்படும் பிப்பிஸ்ட்ரெல் வௌவாலின் எடை 4 முதல் 8 கிராம். இரண்டு செ.மீ. அகலம்கூட இல்லாத இடுக்கில் அது புகுந்துவிடும். ஓட்டுக்கும் அதன் கீழ் விரித்த தாளுக்கும் நடுவிலோ, இரண்டு மரங்கள் சேரும் பொருத்துக்குள்ளேயோ படுத்திருக்கும் பிராணியை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துவிட முடியாது.

ஆனால் அது விட்டுவைக்கும் தடயம் எளிதில் மறையாது. அதனால் வௌவாலைத் தேடுவதை விட்டுவிட்டு அதன் புழுக்கையைத் தேடுங்கள். முதலில் தரை, பிறகு சுவர், கடைசியாகத்தான் கூரை. இந்த வரிசையை மாற்றாமல் பார்த்தாலே பாதித் தவறுகள் குறைந்துவிடும்.

பரண் என்று இங்கே சொல்வது சாமான் அடுக்கும் பலகையை அல்ல. சாய்கூரைக்கும் அதன் கீழுள்ள உட்கூரைக்கும் இடையில் ஆள் ஏறிப் பார்க்கக்கூடிய வெற்றிடத்தைச் சொல்கிறேன். கூரையைப் பிரித்து மேயப் போகிறவர்கள், மரத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போகிறவர்கள், கட்டடத்தை இடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் வேலை தொடங்கும் முன் ஒருமுறை இதைப் பார்த்தாக வேண்டும். மருந்து விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மரத்தைத் துளைக்கும் வண்டுகளுக்காக முன்பு அடித்த லிண்டேன், பென்டாகுளோரோபீனால் போன்றவை, அந்த மரத்தில் ஒட்டிக் கிடந்த வௌவால்களையும் கொன்றன.

ஏறும் முன் வெளியே ஒரு சுற்று

பகல் வெளிச்சத்தில் கட்டடத்தைச் சுற்றி மெதுவாக நடந்து பாருங்கள். பைனாகுலர் இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இறவாரத்தின் அடிப்பலகை விலகிய இடம், தூக்கி நிற்கும் ஓடு, முகட்டு ஓட்டின் அடியில் காரை உதிர்ந்த பொந்து, முக்கோணச் சுவரின் உச்சி, புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் இடம் ஆகியவைதான் வாசலாக இருக்க வாய்ப்புள்ளவை. சந்தேகமான ஒவ்வொரு பொந்தையும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒட்டடை படிந்திருக்கிறதா? அடியில் ஏதாவது விழுந்திருக்கிறதா?

ஒட்டடை முழுசாக மூடிய பொந்தில் அண்மையில் எதுவும் நுழைந்திருக்காது. சுற்றிலும் ஒட்டடை இருந்து, ஒரு பொந்தின் வாய் மட்டும் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் அங்கே நின்று கவனியுங்கள். பல ஆண்டுகளாகப் புழங்கும் வாசலில், வௌவாலின் உடலெண்ணெயும் அழுக்கும் தேய்ந்து தேய்ந்து மங்கிய பழுப்புக் கறை படிந்திருக்கும். மரமாக இருந்தால் அந்த விளிம்பு மட்டும் வழவழப்பாகிவிடும்.

அடுத்து, அந்தப் பொந்துக்கு நேர் கீழே உள்ள சுவர், ஜன்னல் கண்ணாடி, ஜன்னல் திட்டு, தரை. சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும் சிறிய கரும்புழுக்கை வௌவாலைக் காட்டும் நல்ல அடையாளம்; பல்லி எச்சமும் இப்படி ஒட்டும், அதைப் பிரித்தறிவது பின்னால் வருகிறது. எலிப்புழுக்கை செங்குத்துச் சுவரில் ஒட்டி நிற்காது. பரணுக்கே போகாமல் இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடுவதும் உண்டு. மழைக்குப் பிறகு பார்த்தால் வெளிச்சுவர் கழுவிவிட்டதுபோல் இருக்கும் என்பதால், வறண்ட நாட்கள் சில தொடர்ந்தபின் பார்ப்பது நல்லது.

கட்டடத்தில் புழங்குகிறவர்களையும் கேளுங்கள். "வௌவால் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். "அந்தி மங்கும் நேரத்தில் கூரைப் பக்கம் கிறீச் சத்தம் கேட்குமா? ஜன்னல் திட்டை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கிறதா? ராத்திரி எப்போதாவது அறைக்குள் வௌவால் வந்ததுண்டா?" என்று கேட்டால் கதை வரும்.

எப்போது ஏறக் கூடாது

பெண் வௌவால்கள் குட்டி ஈனவும் வளர்க்கவும் கூரையின் வெப்பமான பகுதியில் கூட்டமாகச் சேரும். ஒரு ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான். அந்த நேரத்தில் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் பட்டால் தாய்கள் கலைந்துபோகக்கூடும். பறக்கத் தெரியாத குட்டிகள் செத்துப்போகும். வட அரைக்கோளத்துக் குளிர்நாடுகளில் இந்தக் காலம் ஏறக்குறைய மே முதல் ஆகஸ்ட் வரை. வெப்ப நாடுகளில் இனத்துக்கு இனம் மாறும். குளிர்நாடுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குளிர்காலத்தில் உடல் வெப்பத்தைத் தாழ்த்திக்கொண்டு உறங்கும் வௌவாலை எழுப்பிவிட்டால், இளவேனில் வரை தாங்க வேண்டிய கொழுப்பை அது வீணாகச் செலவழிக்கிறது. ஆகவே, கூட்டம் இருப்பது வெளித்தடயத்திலேயே உறுதியாகிவிட்டால் உள்ளே போக வேண்டிய தேவையே இல்லை.

சட்டத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டமும் பின்னர் வந்த விதிகளும் வௌவாலுக்கு மட்டுமின்றி, அது தங்கும் இடத்துக்கும் காவலாக இருக்கின்றன. வௌவால் வெளியே போயிருக்கும் மாதங்களிலும் அந்த இடத்தை அடைப்பதும் சிதைப்பதும் குற்றம். பல நாடுகளில் ஏதோ ஒரு விதத்தில் பாதுகாப்பு உண்டு. தடயம் பார்ப்பது வேறு, வௌவாலைத் தொந்தரவு செய்வது வேறு. பின்னதற்கு உரிமம் வேண்டியிருக்கலாம்.

என்ன எடுத்துக்கொள்வது

நல்ல டார்ச், தலையில் மாட்டும் விளக்கு, கையுறை, முழுக்கை உடை, காகித உறைகள், சிறு இடுக்கி, அளவுகோல், செல்போன். இவையெல்லாம் சுலபம். எல்லாரும் விட்டுவிடுவது முகக்கவசம்தான். என்95 அல்லது எஃப்எஃப்பி2 தரத்தில் இருக்க வேண்டும். துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. காய்ந்த வௌவால் புழுக்கை நிறையச் சேர்ந்த இடத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா என்னும் பூஞ்சை வளரக்கூடும். அதன் நுண்விதைகள் தூசியோடு மூச்சில் போனால் நுரையீரலைப் பாதிக்கும். நாலைந்து புழுக்கை கிடக்கும் பரணில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் போகும் பரணில் எவ்வளவு கிடக்கிறது என்று முன்கூட்டியே தெரியாதே.

வௌவாலைவிடப் பரண்தான் ஆபத்தானது என்று சொல்வேன். உட்கூரைப் பலகை ஆள் எடையைத் தாங்காது. குறுக்கே ஓடும் உத்தரங்களின்மேல் மட்டும் கால் வையுங்கள். வெப்பத்தடுப்புப் பஞ்சு விரித்திருந்தால் உத்தரம் எங்கே என்று தெரியாது. தெரியாத இடத்துக்குப் போகவே வேண்டாம். பழைய மின்கம்பி, குளவிக்கூடு, பாம்பு மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏணியை நாலுக்கு ஒன்று என்ற சாய்வில் நிறுத்துங்கள்: நாலு மீட்டர் உயரத்தில் சாய்ந்தால் அடி ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். கீழே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

உள்ளே போனதும்

பரண் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே விட்டு, விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இது வீண்வேலையாகப் படும். உண்மையில் இந்த இரண்டு நிமிடத்தில்தான் மூன்று காரியம் நடக்கிறது. இருட்டில், வெளிவெளிச்சம் கசியும் ஒவ்வொரு ஓட்டையும் புள்ளியாகத் தெரியும். வாசலாக இருக்கக்கூடிய இடங்களின் வரைபடம் அப்படியே கிடைத்துவிடும். வெப்பமான பிற்பகலாக இருந்தால் கூட்டத்தின் கீச்சொலியும் நகரும் சரசரப்பும் காதில் விழும். பெரிய கூட்டம் இருந்தால் அம்மோனியா கலந்த ஒரு கவிச்சை வாடையும் வரும். சிறிய கூட்டத்துக்கு வாடையே இருக்காது, ஆகவே வாடை இல்லாததை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பிறகு விளக்கைப் போடுங்கள்; போட்டதும் ஒளியைக் கீழே திருப்புங்கள். கதவுக்குப் பக்கத்தில் கிடக்கும் பழைய பெட்டி, தண்ணீர்த் தொட்டியின் மூடி, பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவைதான் முதல் சாட்சிகள். கரடுமுரடான பஞ்சின்மேல் புழுக்கை அமிழ்ந்துவிடும். தட்டையான, வெளிர்நிறப் பரப்பில் ஒன்று விழுந்தாலும் தெரியும். ஒளியைத் தரைக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்தால் சிறு துணுக்குகளுக்கும் நிழல் விழுந்து கண்ணில் படும்.

அங்கிருந்து நேராக முகட்டு உத்தரத்தின் கீழே போங்கள். முகட்டின் நீளம் முழுவதற்கும் கீழே ஒரு கோடுபோலப் புழுக்கை சிதறியிருந்தால், உச்சியில் வரிசையாக ஒண்டும் வௌவால்கள் என்று ஊகிக்கலாம். ஓரிடத்தில் மட்டும் குவியலாக இருந்தால் அதற்கு நேர் மேலே தங்குமிடம் இருக்கிறது. பரணின் திறந்த நடுப்பகுதியில் குவியல் இருந்தால் குதிரைலாட வௌவால் போன்று தலைகீழாகத் தொங்கும் இனமாக இருக்கலாம். அவை இடுக்கில் நுழைவதில்லை, உள்ளே பறக்க இடம் தேடும். அடுத்தது முக்கோணச் சுவரின் அடி, புகைபோக்கிச் சுவரைச் சுற்றிய இடம், கைமரங்கள் முகட்டில் சேரும் பொருத்துகள், இரண்டு கூரைச்சரிவு கூடும் மூலை. கதவுக்கு எதிர்க்கோடியில் உள்ள, யாரும் போகாத இருண்ட மூலையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுப் பிறகு போகாமலே இறங்கிவிடுவது புதியவர்களின் வழக்கம். பாதுகாப்பாக எட்ட முடிந்தால் அங்கேயும் பாருங்கள்.

புழுக்கையைத் தெரிந்துகொள்வது

பூச்சியுண்ணி வௌவாலின் புழுக்கை கரும்பழுப்பு அல்லது கருப்பு. சிறு இனங்களில் சில மி.மீ. நீளம், பெரிய இனங்களில் ஒரு செ.மீ. வரை போகும். மேற்பரப்பு சொரசொரப்பாக, நடுவில் நெளிந்தோ கணுக்கணுவாகவோ இருக்கும். பார்த்த உடனே எலிப்புழுக்கை என்று தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

வேறுபடுத்தச் சோதனை ஒன்றுதான், ஆனால் நம்பகமானது. ஒரு புழுக்கையை டிஷ்யூ தாளில் வைத்து, கையுறை போட்ட விரலால் மெல்ல நசுக்குங்கள். முகக்கவசம் மூக்கின்மேல் இருக்கட்டும். வௌவாலுடையது என்றால் வறண்ட தூளாக உதிரும். அந்தத் தூளை வெளிச்சத்தில் சாய்த்தால் வண்டின் ஓடு, அந்துப்பூச்சியின் செதில், ஈயின் கால் என்று பூச்சிகளின் மிச்சங்கள் மினுங்கும். எலியுடையது தானியமும் நாரும் இறுகிய கட்டி. காய்ந்துவிட்டால் கல்போல் இருக்கும், புதிதாக இருந்தால் பசைபோல் நசுங்கும். தூளாகாது.

இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். எலி சுவரோரமாக ஓடும். அதன் புழுக்கையும் ஓடுபாதை நெடுகச் சிதறிக் கிடக்கும். பெரிய எலியுடையது ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை இருப்பதால் குழப்பம் வராது. சுண்டெலியுடையதுதான் ஏமாற்றும், அதன் முனைகள் கூராக, மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். மேலிருந்து விழுந்த அமைப்பு வௌவாலுக்கு உரியது. பெட்டியின் மூடிமேல் கிடக்கும், பெட்டிக்கு அடியில் கிடக்காது.

வெப்ப நாடுகளில் எலியைவிடப் பெரிய தொல்லை பல்லி. பல்லியும் பூச்சிதான் தின்னும், அதனால் அதன் எச்சமும் நசுக்கினால் ஓரளவு உதிரும், பூச்சித்துணுக்கும் தெரியும், சுவரிலும் ஒட்டும். காட்டிக்கொடுப்பது நுனியில் இருக்கும் வெள்ளைப் பொட்டு. ஊர்வனவும் பறவைகளும் யூரிக் அமிலத்தை வெள்ளையாக வெளியேற்றும். வௌவால் பாலூட்டி, சிறுநீரைத் தனியாகக் கழிக்கும். ஆனால் அந்த வெள்ளை நுனி காய்ந்து உடைந்து விழக்கூடும். எனவே ஒரே ஒரு புழுக்கையைப் பார்த்து முடிவுகட்டாமல், பத்துப் பன்னிரண்டைப் பாருங்கள். ஒன்றிரண்டிலாவது வெள்ளை நுனி இருந்தால் பல்லியைச் சந்தேகியுங்கள். வெள்ளையே இல்லாமல், மேலிருந்து விழுந்த கோலத்தில் அத்தனையும் இருந்தால் வௌவால். கரப்பான்பூச்சியின் கழிவு மிகச் சிறியது. குருவி, புறா எச்சம் வெள்ளையும் கருப்புமாகத் தெறித்திருக்கும், சந்தேகமே வராது.

பழந்தின்னி வௌவால்களுக்கு இந்த இலக்கணம் பொருந்தாது. அவற்றின் எச்சம் சுவரில் தெறித்த நீர்த்த கறையாக, சில சமயம் சிறு விதைகளோடு இருக்கும். அருகிலேயே சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை உருண்டைகள் கிடந்தால் வேறு சான்றே தேவையில்லை. இவை மூடிய பரணைவிட, திறந்த முற்றக்கூரை, மாடிப்படி மேற்பகுதி போன்ற இடங்களில்தான் அதிகம் தென்படும். பெரும்பாலும் குடியிருப்பு அல்ல, இரவில் தின்ன ஒதுங்கும் இடம்.

மற்ற தடயங்கள்

உதிர்ந்த இறக்கைகள் நல்ல சான்று. சில வௌவால்கள் பெரிய இரையைப் பிடித்ததும் தெரிந்த ஓர் உத்தரத்தில் வந்து தொங்கிக்கொண்டு, உடலைத் தின்றுவிட்டு இறக்கையைக் கீழே போட்டுவிடும். ஐரோப்பாவின் நீள்செவி வௌவாலுக்கு இது வழக்கம். ஓரிடத்தின் கீழே அந்துப்பூச்சி இறக்கைகள் மட்டும் தனித்தனியாகக் குவிந்து, உடல்களே இல்லாமல் இருந்தால் மேலே அதன் சாப்பாட்டு இடம் என்று கொள்ளலாம். சிலந்தி தின்ற மிச்சம் நூலில் சுற்றியிருக்கும். தானாகச் செத்த வண்ணத்துப்பூச்சி முழு உடலோடு கிடக்கும். தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பாழடைந்த கட்டடங்களில் தங்கும் பெரிய போலி ரத்தக்காட்டேரி வௌவாலின் அடியில் தவளைக்கால், எலிவால், சிறு பறவையின் சிறகு என்று கிடக்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது ரத்தம் குடிப்பதில்லை.

சிறுநீர், வழவழப்பான பரப்பில் காய்ந்து வெண்புள்ளிகளாகவோ மங்கிய சொட்டுக்கறைகளாகவோ நிற்கும். மூட்டைப்பூச்சியை அப்படியே ஒத்த, வௌவால் ரத்தம் குடிக்கும் பூச்சி வகை ஒன்று உண்டு. வீட்டில் புதிதாக மூட்டைப்பூச்சி தெரிந்து, படுக்கையில் காரணம் கிடைக்காவிட்டால் கூரையையும் நினைத்துப் பாருங்கள். செத்துக் காய்ந்த வௌவால்கள், குட்டிகளின் மெல்லிய எலும்புகள் ஆகியவை தண்ணீர்த் தொட்டியிலும் சுவருக்கும் பஞ்சுக்கும் இடையிலும் கிடக்கக்கூடும். அண்மையில் கூரை மாற்றியிருந்தால், ஓட்டின் கீழ் விரித்த மூச்சுவிடும் துணியின் (ஈர ஆவியை வெளியே விடும் செயற்கைத் துணி) இழை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த இழைகளில் வௌவால்களின் நகம் சிக்கி, விடுபட முடியாமல் சாவது பதிவான உண்மை.

ஒட்டடையை உள்ளேயும் படிக்கலாம். பரண் முழுக்கத் தொங்கும் ஒட்டடை, முகட்டின் ஒரு பகுதியில் மட்டும் இல்லையென்றால் அங்கே ஏதோ அடிக்கடி உரசிப் போகிறது. தனியாக இது சான்று ஆகாது. அடியில் புழுக்கையும் இருந்தால் வழக்கு முடிந்தது.

வௌவாலின்மேல் சுமத்தப்படும் பொய்க்குற்றங்களும் சில உண்டு. கடித்த மரம், அறுந்த மின்கம்பி, கிழித்த பஞ்சு எல்லாம் கொறித்துண்ணிகளின் வேலை. வைக்கோல், இலை, துணி கொண்டு கட்டிய கூடு பறவையுடையதோ அணிலுடையதோ எலியுடையதோ. வௌவால் எதையும் கொறிப்பதில்லை, கூடு கட்டுவதும் இல்லை.

பழையதா, புதியதா

வறண்ட பரணில் புழுக்கை ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். எனவே "வௌவால் இருந்தது" என்பதற்கும் "இருக்கிறது" என்பதற்கும் உள்ள தூரத்தை நீங்கள்தான் கடக்க வேண்டும். புதியது கருமையாக, லேசான மினுமினுப்போடு இருக்கும். பழையது சாம்பல்நிறம் படிந்து, மேலே தூசியோ பூஞ்சையோ ஒட்டடையோ ஏறியிருக்கும்.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். முகட்டின் கீழேயும் சந்தேகமான மூலைகளிலும் வெள்ளைத் தாளோ பழைய வெள்ளைத் துணியோ விரித்து, ஓரத்தில் தேதி எழுதிவிட்டு இறங்கிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து வந்து பாருங்கள். தாளின்மேல் கிடப்பதெல்லாம் அந்த இரண்டு வாரத்தில் விழுந்தவை. யாரும் மறுக்க முடியாது. விலை உயர்ந்த கருவிகள் எத்தனையோ வந்தும் இந்தத் தாளுக்கு நிகரான ஒன்றை நான் பார்க்கவில்லை.

பரண் சுத்தமாக இருந்தால்

தடயம் இல்லாத பரணை வைத்து வௌவால் இல்லை என்று எழுதிக்கொடுக்கக் கூடாது. ஓட்டுக்கும் தாளுக்கும் இடையில், இறவாரப் பலகைக்குள், சுவர் இடுக்கில் வாழும் வௌவாலின் புழுக்கை பரணுக்குள் விழுவதேயில்லை. போன மாதம் யாராவது பரணைக் கூட்டியிருக்கலாம். ஆண்டில் சில வாரம் மட்டும் வந்து போகும் கூட்டமாகவும் இருக்கலாம்.

இதற்கு மாற்று, வெளியே உட்கார்ந்து எண்ணுவது. மழையும் பலத்த காற்றும் இல்லாத, குளிர் மிகாத மாலையில், சூரியன் மறைவதற்குக் கால் மணி நேரம் முன்பே இடம் பிடியுங்கள்; மறைந்து ஒன்றரை மணி நேரமாவது இருங்கள். சில இனங்கள் அந்தி வெளிச்சத்திலேயே கிளம்பிவிடும். நன்றாக இருட்டினால்தான் தலைகாட்டும் இனங்களும் உண்டு. கூரையின் விளிம்பு வானத்தின் பின்னணியில் தெரியும்படி உட்கார வேண்டும். ஒரே ஆள் நாலு பக்கமும் பார்க்க முடியாது, ஆகவே பக்கத்துக்கு ஒருவர். கண்ணை எடுக்காதீர்கள், செல்போனைப் பார்த்த அந்த ஒரு நொடியில்தான் வௌவால் வெளியே விழும். ஆமாம், விழும்: பல வௌவால்கள் பொந்திலிருந்து முதலில் கீழ்நோக்கிச் சரிந்து, பிறகே இறக்கை விரித்து விலகும்.

அதிகாலை இன்னும் நல்லது. திரும்பி வரும் வௌவால்கள் உள்ளே நுழையும் முன் வாசலைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கும். மாலையில் ஒரு நொடியில் முடியும் காரியம் விடியலில் பல நிமிடம் நீளும். வாசல் எந்த ஓட்டின் அடியில் என்று விரல் வைத்துச் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை. தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

பேட் டிடெக்டர் கிடைத்தால் உதவும், கட்டாயம் அல்ல. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூச்சியுண்ணி வௌவால்களின் ஒலி பெரும்பாலும் அதற்கு மேல். கருவி அதை நமக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தரும். 45 கிலோஹெர்ட்ஸில் ஒன்றும் 55-இல் ஒன்றுமாக ஒலிப்பதைக் கவனித்ததிலிருந்துதான், ஒரே இனம் என்று நினைத்திருந்த ஐரோப்பியப் பிப்பிஸ்ட்ரெல் இரண்டு இனம் என்று 1990-களில் தெரியவந்தது. ஆனால் கருவி சொல்வது "இங்கே வௌவால் பறக்கிறது" என்பதை மட்டும். அது உங்கள் கூரையிலிருந்து வந்ததா, பக்கத்து மரத்திலிருந்து வந்ததா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

கண்டுவிட்டால்

உயிருள்ள வௌவால் கண்ணில் பட்டால் ஒளியை உடனே வேறு பக்கம் திருப்பி, பேசாமல் இறங்கிவிடுங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் வேண்டாம். எத்தனை இருக்கும் என்று குத்துமதிப்பாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும், எண்ணிக்கையை மாலையில் வெளியே எடுக்கலாம். பொந்தை அடைக்கும் யோசனை வந்தால் அன்றைக்குச் செய்யாதீர்கள். உள்ளே சிக்கியவை செத்து நாறும் அல்லது வேறு இடுக்கு வழியாக அறைக்குள் வரும். வனத்துறையையோ வௌவால் ஆய்வில் பழகியவர்களையோ கேட்டு, குட்டிகள் இல்லாத பருவத்தில்தான் எதுவும் செய்ய வேண்டும்.

வெறுங்கையால் வௌவாலைத் தொடவே கூடாது, உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும். கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பற்கள் ஊசிமுனை போன்றவை, கடித்த இடம் தெரியாமலே போகலாம். வௌவாலோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டாலே, ரேபிஸ் அபாயத்தில் மிகக் கடுமையான மூன்றாம் வகையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை தூங்கும் அறையில் வௌவால் இருந்தது என்றால், கடித்த தழும்பு தெரியாவிட்டாலும் மருத்துவரைக் கேளுங்கள். அடிக்கடி பரண் ஏறப் போகிறவர் என்றால் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

குவிந்த புழுக்கையை அள்ள வேண்டியிருந்தால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், சாதாரண வேக்வம் கிளீனரும் வேண்டாம். இரண்டும் தூசியைக் கிளப்பும். முதலில் தெளிப்பானால் தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு வழித்து எடுத்துப் பையில் கட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால் படமும் மாதிரியும் எடுத்தாக வேண்டும். படத்தில் அளவுகோல் தெரியட்டும். எடுத்த இடத்தைப் பரணின் தோராயமான வரைபடத்தில் குறித்து, நாள், வானிலை, புதியதா பழையதா, எவ்வளவு என்று எழுதுங்கள். பத்து இருபது புழுக்கையை இடுக்கியால் எடுத்துக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். குவியலின் மேற்பகுதியிலிருந்து, இருப்பதில் புதியதாகப் பார்த்து எடுங்கள். எந்த இனம் என்பதை ஆய்வகங்கள் புழுக்கையில் உள்ள டிஎன்ஏவை வைத்தே சொல்லிவிடும், பழசாகப் பழசாக அது சிதைந்துபோகும். பரணில் இரண்டு இடத்தில் குவியல் இருந்தால் இரண்டு உறை. ஒன்றாகக் கலந்துவிட்டால் எது எங்கே தங்குகிறது என்பது பிறகு யாருக்கும் தெரியாது.